ஐம்பது கிலோ மூட்டையும் இருபது கிலோ ராடும்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு சிமென்ட் கடை என்று வைத்துக்கொள்வோம். 10 டன் ஏற்றிய லாரி வந்து நிற்கிறது. 50 கிலோ மூட்டைகள் 200. நான்கு லோடுமேன்கள் இறக்கினால் ஆளுக்கு 50 மூட்டை, அதாவது 2,500 கிலோ. ஒரு லாரியோடு அவர்களுடைய நாள் முடிந்துவிடுவதுமில்லை.

கடைக்கு மேல் மாடியில் ஒரு ஜிம். எண்ணூர் விரைவுச் சாலையில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்க்கும் 34 வயதுக்காரர் அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கிறார். உடல் எடை 62 கிலோ. கற்பனை ஆள்தான், ஆனால் இவரைப் போன்றவர் அந்தச் சாலை நெடுகிலும் இருக்கிறார். வெறும் ராடைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுகிறார். தாத்தாக்கள் பஸ்கி என்றார்கள், இப்போது ஸ்குவாட். ராடின் எடை 20 கிலோ. எட்டு முறை ஒரு செட்டு, அப்படி மூன்று. மொத்தம் 24 முறை, 480 கிலோ. அதற்கே மறுநாள் அவரால் படி இறங்க முடியவில்லை.

ஒன்பது மாதம் நெருங்கும்போது இவருடைய தொடை தடித்திருக்கிறது. தோளில் இருப்பது ராடோடு சேர்த்து 50 கிலோ. கீழே லோடுமேனின் தோளிலும் 50 கிலோதான், பத்து வருடமாக. உடம்பும் பத்து வருடத்துக்கு முன் இருந்தபடியேதான். டீக்கடையில் கேள்வி வருகிறது: “ஏண்ணே, நாள் பூரா மூட்டை தூக்குறீங்க. உங்களுக்கு ஏன் பாடி ஏறல?”

“வேலை வேற, எக்சர்சைஸ் வேற தம்பி” என்று அண்ணன் டீயை உறிஞ்சுவார். பதில் சரிதான். ஆனால் எங்கே வேறுபடுகிறது? அவர் தூக்குவது ஐந்து மடங்குக்கும் மேல். கூட்டல் கணக்கு மட்டுமே முக்கியம் என்றால் இவருடைய தொடையல்லவா தூண் மாதிரி ஆகியிருக்க வேண்டும்?

நின்றுபோன எடை

லோடுமேன் பலவீனமானவர் இல்லை. மாடியில் இருப்பவரைக் கீழே கொண்டுவந்து மூட்டையை ஏற்றினால் பத்தாவது மூட்டையில் சுவரோரம் உட்கார்ந்துவிடுவார். லோடுமேனுக்கும் பலம் ஏறியது, வேலைக்குச் சேர்ந்த முதல் சில மாதங்களில். முதல் வாரம் மூட்டை அவரை அழுத்தியது. பிறகு பழகியது. பழகிய நாளோடு ஏற்றமும் நின்றது. ஏனென்றால் மூட்டை அதற்குமேல் கனக்கவில்லை. 50 கிலோவைச் சுமக்க எவ்வளவு தசை வேண்டுமோ அவ்வளவைக் கட்டிக்கொண்டு உடல் நிறுத்திவிட்டது. தசையைப் பராமரிப்பது செலவுள்ள காரியம், சும்மா இருக்கும்போதும் அதற்குச் சாப்பாடு போட வேண்டும். தேவைக்கு மேல் ஒரு கிராம் சேர்ப்பதில் உடலுக்கு ஆர்வமே கிடையாது.

கூடவே அவர் கற்றுக்கொண்ட நேர்த்தி. மூட்டை எங்கே உட்கார வேண்டும், எந்த அளவுக்குக் குனிய வேண்டும் என்பதில் அவர் கெட்டிக்காரர். முழங்கால் அதிகம் மடங்காது. கனம் முதுகெலும்பு, இடுப்பு, கால் எலும்பு வழியாக நேரே தரைக்கு இறங்கும்படி நடப்பார். தசைக்கு எவ்வளவு குறைவாக வேலை வைக்கலாம் என்பதே அவருடைய தொழில்நுட்பம். மாடியில் நடப்பது நேர் எதிர். தொடைத் தசை நன்றாக நீண்டு இழுபடும் அளவுக்குக் கீழே உட்கார்ந்து, அந்தச் சிரமமான இடத்திலிருந்து எழுவதுதான் பயிற்சி. ஒருவர் தசையைக் காப்பாற்றுகிறார். மற்றவர் அதைத் தேடிப் பிடித்துத் தொந்தரவு செய்கிறார்.

ராயபுரம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் சரக்குப் பெட்டக முனையம் வருவதற்கு முன் இங்கே பெரும்பகுதிச் சரக்கு தோளிலும் கொக்கியிலும்தான் நகர்ந்தது. அந்தத் தலைமுறைக்குப் பலம் குறைவில்லை. முதுகுதான் முதலில் போனது. ஓர் ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. அவர்களில் பலருக்கு அது காலம் கடந்த பரிந்துரை.

தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் என்று ஒன்று கிடக்கும். இளைஞர்கள் அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுக் காட்ட வேண்டும். வழுவழுப்பான உருண்டைக் கல். பலத்தைச் சோதிக்க அருமையான சாதனம், வளர்க்க மோசமான சாதனம். தூக்க முடியாதவனுக்கு அது எந்த உதவியும் செய்யாது. தூக்கிவிட்டவனுக்கும் அதற்குமேல் கொடுக்க அதனிடம் எதுவுமில்லை.

சிகாகோவில் ஒரு மருத்துவர்

எடையை ஆளுக்கேற்ப ஏற்றிக்கொண்டே போவது என்பதைக் கணக்காக்கியவர்களில் முக்கியமானவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் முழங்கால் அடிபட்டு வந்த வீரர்களால் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த நேரம். எலும்பு கூடிவிடும், தொடைத் தசையோ சூம்பிப்போயிருக்கும். லேசான எடையைப் பல தடவை ஆட்டிக்கொண்டிருப்பதுதான் அன்றைய வைத்தியம். மாதக்கணக்கில் ஆகும்.

டிலோர்ம் இளம் வயதில் வாதக் காய்ச்சலில் படுத்து எழுந்தவர். அப்போது எடை தூக்கித்தான் உடம்பைத் தேற்றிக்கொண்டார். அதே வழியை நோயாளிகளுக்கும் வைத்தார். ஒருவரால் சரியாகப் பத்து முறை மட்டும், பதினொன்றாவது முறை முடியாத அளவுக்கு, எவ்வளவு எடை தூக்க முடியும் என்று பார்த்தார். அதில் பயிற்சி. வாரம் ஒருமுறை மறுபடி சோதித்து எடையை ஏற்றினார். 1945-இல் முடிவுகளை வெளியிட்டார். 1948-இல் ஆர்தர் வாட்கின்ஸோடு சேர்ந்து எழுதும்போது முறையை இன்னும் சுருக்கி மூன்று செட்டாக்கினார்: பாதி எடையில் பத்து, முக்கால் எடையில் பத்து, முழு எடையில் பத்து. நம் ஊர் ஜிம்மில் மாஸ்டர் “மூணு செட்டு, பத்துப் பத்து” என்று சொல்வதன் வேர் சிகாகோவில் அவர் வேலை பார்த்த ராணுவ மருத்துவமனையில் இருக்கிறது. எடையை இப்படி ஏற்றிக்கொண்டே போவதை இந்த அத்தியாயத்தில் ஏறுபளு என்று அழைப்போம்.

ஏறுபளு என்றதும் அடுத்த கேள்வி வருகிறது. ஏற்றுவதுதான் ரகசியம் என்றால் சீக்கிரம் ஏற்றினால் என்ன? மாஸ்டர்கள் ஏன் பொறுமை பொறுமை என்கிறார்கள்? பொறுமையைப் பண்பு என்று சொல்லிக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அதற்கு உடலுக்குள் காரணம் இருக்க வேண்டும். இருக்கிறது. மூன்று கடிகாரங்கள் அங்கே வேறு வேறு வேகத்தில் ஓடுகின்றன.

முதல் கடிகாரம்: நரம்பு

சேர்ந்த நாலே வாரத்தில் நம் ஆளுக்கு 20 கிலோ லேசாகிவிடுகிறது. டேப்பை எடுத்துத் தொடையை அளந்தால் அளவு அப்படியேதான். தசை வளராமலே பலம் எங்கிருந்து வந்தது?

ஒரு தசையில் ஆயிரக்கணக்கான இழைகள் உள்ளன. தண்டுவடத்திலிருந்து வரும் ஒரு நரம்பும் அதன் கட்டளையில் சுருங்கும் இழைகளும் சேர்ந்து ஓர் அணி. இதை இயக்க அலகு என்பார்கள். ஒரு வேலைக்கு எல்லா அணிகளும் எழுந்து வருவதில்லை. ஹார்வர்டில் எல்வுட் ஹென்னெமன் பூனைகளில் செய்த ஆய்வுகள் இதற்கு ஒரு வரிசை இருப்பதைக் காட்டின: முதலில் சிறிய அணிகள், கனம் கூடக் கூடப் பெரியவை. கடைசி வரிசையில் இருக்கும் பெரிய அணிகள்தான் வலிமையானவை. சாதாரண நாளில் அவற்றுக்கு அழைப்பே போகாது. புதிதாகக் கனம் தூக்குபவரின் மூளை இந்த அழைப்பை விடுக்கப் பழகுகிறது. எல்லா அணிகளும் வேகமாகச் சேர்ந்து இழுக்கக் கற்கின்றன. எதிர்த்து இழுக்கும் தசைகள் விட்டுக்கொடுக்கக் கற்கின்றன. இதற்கு நாட்களும் வாரங்களும் போதும்.

1979-இல் தோஷியோ மோரிதானியும் ஹெர்பர்ட் டிவ்ரீஸும் இதை அளந்து காட்டினார்கள். முதல் சில வாரங்களின் முன்னேற்றம் பெரும்பாலும் நரம்பின் கணக்கு. மூன்றிலிருந்து ஐந்து வாரத்துக்குப் பிறகே தசைப் பருமனின் பங்கு மேலோங்குகிறது. இன்னும் விசித்திரமானது 1894-இல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்க்ரிப்சர் குழு கண்டது. ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். சும்மா இருந்த மற்றக் கைக்கும் பலம் கூடியது. அந்தக் கையின் தசை எதுவும் செய்யவில்லை. கற்றது நரம்பு மண்டலம். கையில் மாவுக்கட்டு போட்டவர்களுக்கு இன்றும் பிசியோதெரபியில் இது பயன்படுகிறது.

இரண்டாவது கடிகாரம்: தசை

நல்ல கனம் தூக்கிய தசை அன்றே புதிய புரதம் கட்டத் தொடங்குகிறது. பயிற்சி இல்லாதவர்களிடம் 1997-இல் ஸ்டூவர்ட் பிலிப்ஸ் குழு அளந்தபோது மூன்று மணி நேரத்தில் அந்த வேகம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. 24 மணியில் இறங்கத் தொடங்கியது. 48 மணி நேரத்திலும் வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. தசை வளர்வது ஜிம்மில் அல்ல. ஜிம்முக்கும் ஜிம்முக்கும் இடையில். லோடுமேனுக்கு இந்த இடைவெளியே கிடையாது. நாளைக்கும் லாரி வரும்.

இந்தக் கட்டுமானத்துக்குக் கல்லும் மணலும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். நம் ஆளுக்குக் கிட்டத்தட்ட 51 கிராம். எடை தூக்குபவர்களுக்கு 1.6 கிராம் வரை பலன் தெரிகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். 62 கிலோவுக்கு அது 99 கிராம். காசிமேடு பக்கத்தில் இருந்துகொண்டு இதற்காக டப்பா பவுடருக்குக் கடன் வாங்குவதை நான் புரிந்துகொள்ளத் தயாரில்லை. நூறு கிராம் மத்தி மீனில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது, ஒரு முட்டையில் ஆறு. மீதியைப் பருப்பும் சுண்டலும் பாலும் பார்த்துக்கொள்ளும்.

வலி விஷயத்தையும் முடித்துவிடுவோம். மறுநாள், அதற்கு மறுநாள் வரும் வலிக்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று பாதி ஜிம்கள் இன்னும் சொல்கின்றன. தூக்கி முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் லாக்டேட் ரத்தத்திலிருந்து வழக்கமான அளவுக்கு இறங்கிவிடும். இரண்டாம் நாள் வலிக்க அது அங்கே இருக்காது. 1902-லேயே தியோடர் ஹஃப் இந்தத் தாமத வலி தசைக்குள் ஏற்படும் நுண்ணிய சிதைவு என்று ஊகித்தார். அதே பயிற்சியை இரண்டாம் முறை செய்யும்போது வலி பெரிதும் குறையும். ஆகவே வலிதான் பலனின் அளவுகோல் என்பது பொய். வலியைத் தேடிப் போய் முதல் நாளே வெறிகொண்டு நூறு நூற்றைம்பது எடுத்தவர்களுக்குத் தசை உடைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைத்த கதைகள் மருத்துவ இதழ்களில் நிறைய உண்டு. சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் ஜிம்மை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது கடிகாரம்: நாண்

தசை நேராக எலும்பில் ஒட்டுவதில்லை. நடுவே தசைநாண் இருக்கிறது. குதிகாலுக்கு மேல் விரலால் பிடித்தால் கெட்டியாகத் தெரிகிறதே, அது. தசையின் இழுவை முழுவதும் அதன் வழியாகத்தான் எலும்புக்குப் போகிறது.

நாண் எவ்வளவு மெதுவாகப் புதுப்பிக்கப்படுகிறது என்பதைக் கண்டுபிடித்த விதம் சுவாரஸ்யமானது. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளைச் சோதித்தன. காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. சோதனைகள் நின்ற பிறகு படிப்படியாகக் குறைந்தது. செடி அந்தக் கார்பனை எடுத்தது. செடியையும் செடி தின்ற விலங்கையும் மனிதர் சாப்பிட்டார்கள். எனவே உடலின் எந்தப் பகுதியிலும் இருக்கும் கார்பன்-14 அளவைப் பார்த்தால் அது எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்று சொல்லலாம். டென்மார்க்கில் காட்யா ஹைனெமயர் குழு இறந்தவர்களின் குதிநாண்களை இப்படிச் சோதித்து 2013-இல் வெளியிட்டது. தசையில் இருந்தது அண்மைக்காலக் கார்பன். நாணின் மையத்தில் இருந்தது அவர்கள் முதல் 17 வயதுக்குள் உண்ட கார்பன். ஐம்பது வயதிலும் ஒருவர் நடப்பது பள்ளிக்கூட வயதில் கட்டிய நாணின் மையத்தைக்கொண்டுதான்.

நாண் பயிற்சிக்கு மசிவதே இல்லை என்று அர்த்தமல்ல. கனமான பயிற்சியில் அது விறைப்பேறுகிறது. ஆனால் தாமதமாக. ஜப்பானில் கெய்டாரோ குபோ குழு 2010-இல் மூன்று மாதப் பயிற்சியைத் தொடர்ந்து அளந்தது. இரண்டாவது மாதத்திலேயே பலம் தெளிவாகக் கூடியிருந்தது. நாணின் விறைப்பு மூன்றாவது மாதத்தில்தான் கூடியது.

இடைப்பட்ட அந்தக் காலம்தான் ஆபத்தானது. துறைமுகத்தில் ஒரு கிரேனுக்குப் புது மோட்டாரைப் பொருத்திவிட்டு, பழைய கம்பி வடத்தையே விட்டுவைத்தால் எப்படியோ அப்படி. மோட்டார் “இன்னும் தூக்கலாம்” என்று சொல்லும். வடத்தை யாரும் கேட்பதில்லை. இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் முழங்கை, தோள், முழங்கால் பிடித்துக்கொண்டு ஜிம்மை விட்டவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு முயற்சி போதவில்லை என்று சொல்வது அநியாயம். அவர்கள் நரம்பின் கடிகாரத்தைப் பார்த்துப் பயிற்சி செய்தார்கள்.

ஊசி போட்டுக்கொள்பவர்கள் கதி இதன் உச்சம். ஸ்டீராய்டு தசையைத் தள்ளிவிடும் வேகத்துக்கு நாணால் ஈடுகொடுக்க முடியாது. நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுத்த எடைப்பயிற்சியாளர்களிடம் நாண் அறுவது அதிகம், அதுவும் கை, தோள் நாண்கள். இதயத்துக்கும் கல்லீரலுக்கும் அது செய்வது தனி.

ராடு 50 கிலோ ஆன கதை

இப்போது நம் ஆளின் ஒன்பது மாதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். வாரம் இரண்டு நாள் வருகிறார். சின்ன ஜிம், இருக்கும் பிளேட்டுகளில் மிகச் சிறியது 2.5 கிலோ. இரண்டு பக்கமும் போட வேண்டுமே, ஆக ஒரு தாவல் 5 கிலோ. பார்க்கச் சின்னதுதான். ஆனால் 20-லிருந்து 25 என்பது 25 சதவீத ஏற்றம். சம்பளத்தில் வந்தால் இனிப்பு வாங்குவோம். முழங்காலில் வந்தால் களிம்புதான். 1.25 கிலோ பிளேட்டு ஒரு ஜோடி வாங்கிப்போட்டால் தீரும் பிரச்சினை. கண்ணாடிக்கும் விளக்குக்கும் செலவழிக்கும் ஜிம்கள்கூட இதை வாங்குவதில்லை; பெண்கள் சேரும் ஜிம்களில் இது இன்னும் பெரிய குறை.

அதற்கு மாஸ்டர் ஒரு வழி வைத்திருக்கிறார். எடையைத் தொடாமல் எண்ணிக்கையை ஏற்றுவது. முதல் நாள் மூன்று செட்டிலும் எட்டு, ஆக 24. அடுத்த முறை ஒன்றோ இரண்டோ கூட. மூன்று செட்டிலும் சுத்தமாகப் பன்னிரண்டு வரும்வரை, அதாவது 36 ஆகும்வரை, ராடு மாறாது. வாரம் இரண்டு முறை என்றால் இதற்கு நான்கு வாரம்.

“இன்னா மாஸ்டர், ஒரு மாசமா அதே ராடுதானா? பக்கத்துல ஒருத்தன் நேத்து சேர்ந்தான், அறுபது போடுறான்.”

“அவன் பாதிதான் உட்கார்றான், பார்த்தியா? நீ பன்னெண்டு முழுசா உட்கார்ந்து எழுந்திரு. அப்புறம் நானே ஏத்துறேன்.”

பன்னிரண்டு வந்ததும் 25 கிலோ. எண்ணிக்கை மறுபடி எட்டுக்கு இறங்கும். 20 கிலோவில் 36 முறை என்றால் 720 கிலோ. 25 கிலோவில் 24 முறை என்றால் 600. எடை ஏறிய அன்று மொத்தச் சுமை குறைகிறது. புது எடைக்குப் பழக மூட்டுகளுக்கு இந்த இறக்கம் தேவைப்படுகிறது.

பிறகு ஷிப்ட். மூன்று வாரத்துக்கு ஒரு நைட். பகலில் மின்விசிறிக்குக் கீழே, தெருவின் எல்லாச் சத்தத்துக்கும் நடுவே விட்டு விட்டுத் தூங்குகிறார். ஒரே ஓர் இரவு முழுக்க விழித்திருந்தால் தசையில் புரதம் கட்டும் வேகம் 18 சதவீதம் குறைவதாக ஆஸ்திரேலியாவில் 2021-இல் அளந்திருக்கிறார்கள். அந்த வாரத்தில் ஏற்ற முயல்வது வீண். அதற்காக அந்த வாரம் வராமலே இருந்துவிடத்தான் பலருக்கும் தோன்றும். ஒரு வாரம் இரண்டாகும், இரண்டு நாலாகும், கட்டிய சந்தா போகும்.

அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்தில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே உதவும். 16 வாரம் முறையாகப் பயிற்சி செய்தவர்களை, அடுத்த 32 வாரம் அதில் மூன்றில் ஒரு பங்கோ, ஒன்பதில் ஒரு பங்கோ மட்டும் செய்யச் சொன்னார்கள். ஒன்பதில் ஒரு பங்கு என்பது வாரத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு செட்டு. எடை மட்டும் குறையாது. 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதுவே கட்டியதைக் காப்பாற்றப் போதுமானதாக இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பலம் நின்றது, ஆனால் தசையின் பருமன் நழுவியது. ஏறுவதற்கு ஆகும் செலவில் சிறு பங்கே தங்குவதற்கு ஆகிறது. எனவே நைட் வாரத்தில் நம் ஆளுக்கு ஒரு நாள், இருக்கும் எடையில் ஒரு செட்டு, பத்து நிமிடம். வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

கூட்டிப் பார்த்தால் ஒரு தாவலுக்கு ஏறும் வாரம் நான்கு, தாங்கும் வாரம் இரண்டு. 36 வாரத்தில் ஆறு தாவல். 20-லிருந்து 50.

கோடு ஏன் வளைகிறது

இதே வேகத்தில் இருபது வருடம் போனால்? கணக்குப்படி 880 கிலோவுக்கு மேல் வரும். ஒரு சிறிய காரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழ வேண்டும். அது எந்த மனிதராலும் ஆகாத காரியம். ஆக ஏற்றம் எங்கோ சரியத்தான் வேண்டும். நரம்பு கற்க வேண்டியதில் பெரும்பகுதியை முதல் மாதங்களிலேயே கற்றுவிடுகிறது. தசை எவ்வளவு தடிக்கலாம் என்பதற்கு உடலமைப்பும் மரபும் எல்லை போடுகின்றன. அந்த எல்லையை நெருங்க நெருங்க ஒவ்வொரு கிலோவுக்கும் விலை கூடும்.

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச்சில் 149, தோளில் நிறுத்தி மேலேற்றும் முறையில் 179, மொத்தம் 328 கிலோ. அப்பாவும் எடை தூக்கியவர். இரண்டு ஆண்டு கழித்து ரியோ ஒலிம்பிக்கில் சதீஷ் தூக்கியது 148, 181. மொத்தம் 329. இந்தியாவின் முதல்தர வீரர், பயிற்சியையே தொழிலாகக் கொண்டவர், இரண்டு ஆண்டில் மேடையில் கூட்டியது ஒரு கிலோ. 2018 கோல்ட் கோஸ்ட்டில் தொடைக் காயத்தோடு வந்து 317 கிலோ தூக்கினார். எண் இறங்கியிருந்தது, தங்கம் அதற்கும் கிடைத்தது.

நாலாவது மாதத்தில் “எனக்கு ஏறவே மாட்டேங்குது” என்று சலித்துக்கொள்பவர் இந்த வளைவில் முதல் திருப்பத்தில்தான் நிற்கிறார். வேகம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. வளைவின் மறுமுனை இன்னும் வியப்பானது. பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் 1990-இல் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கனமான தொடைப் பயிற்சி கொடுத்தார். ஒருவர் இடையில் நின்றார். மற்ற ஒன்பது பேரின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அவர்கள் கிட்டத்தட்டப் பூஜ்யத்திலிருந்து தொடங்கியவர்கள். தொடக்கத்தில் கோடு எப்போதும் செங்குத்தாகத்தான் இருக்கும், எந்த வயதிலும். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

61 நாள்

நம் ஆளுக்காவது வருடம் முழுக்க ஜிம் இருக்கிறது. காசிமேட்டில் விசைப்படகில் போகிறவருக்கு அதுவுமில்லை. கடலில் பல நாள், கரையில் சில நாள். அவருக்கு உறுதியாகக் கிடைக்கும் இடைவெளி ஒன்றுதான்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். ஒன்பது வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் என்ன ஆகும்?

நரம்பு கற்க வேண்டியதில் பெரும்பகுதியைக் கற்றுவிடும். தசை தடிக்கத் தொடங்கியிருக்கும். நாண் இன்னும் மாறியிருக்காது, அதற்கு மூன்றாவது மாதம் வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒரு தாவல் என்று போனால் 20-இல் தொடங்கியவர் தடை முடியும்போது 30-ஐத் தொட்டிருப்பார். அத்தோடு படகு கிளம்பிவிடும். வலை இழுப்பதில் முதுகுக்கும் கைக்கும் வேலை இருக்கிறது. தொடைக்கு இந்த அளவு கனம் கடலில் கிடைக்காது.

அடுத்த ஏப்ரலில் திரும்பி வருகிறார். குபோவின் ஆய்வுக்கு ஒரு பின்பாதி உண்டு. பயிற்சியை நிறுத்திய பிறகும் மூன்று மாதம் அளந்தார்கள். பலம் பெரும்பாலும் தங்கியது, நரம்பு எளிதில் மறப்பதில்லை. நாணோ இரண்டே மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. ஏறும்போது கடைசியில் வந்தது, இறங்கும்போது பலத்தை முந்திக்கொண்டது. தசை செல்லைப் பற்றியும் ஒரு நல்ல சேதி இருக்கிறது. ஓஸ்லோவில் கிறிஸ்டியன் குண்டர்சன் குழு 2010-இல் எலிகளில் பார்த்தபோது, வளரும்போது தசை இழைக்குள் சேர்ந்த புதிய உட்கருக்கள் தசை சுருங்கிய பிறகும் மாதக்கணக்கில் அங்கேயே இருந்தன. மனிதரில் இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதில் விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. விட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் புதியவர்களைவிட வேகமாக ஏறுவதை மட்டும் எந்த மாஸ்டரைக் கேட்டாலும் சொல்வார்.

ஆகவே ஏப்ரல் 15 அன்று அவருடைய கால் 30 கிலோவைக் கேட்கும், தூக்கவும் தூக்கிவிடும். மாஸ்டர் விவரம் தெரிந்தவராக இருந்தால் வெறும் ராடைக் கொடுப்பார். 20-இல் இரண்டு வாரம், 25-இல் இரண்டு வாரம். போன வருடம் எட்டு வாரம் எடுத்த தூரம் இந்த முறை நான்கில் முடியும். பிறகு 30-இல் வழக்கம்போல் நான்கு வாரம். ஜூன் 14-க்கு முந்தைய கடைசி வாரத்தில் அவருடைய தோளில் 35 கிலோ இருக்கும்.